ஆற்று நீரும் அமானிதமே!

 



அல்பகரா அத்தியாயத்தின் 60வது வசனத்தை நாம் பலமுறை ஓதியிருப்போம். மூஸா (அலை) அவர்கள் தம் சமூகத்தாருக்காகத் தண்ணீர் வேண்டினார்கள். கைத்தடியால் பாறையை அடிக்குமாறு அல்லாஹ் கட்டளையிட்டான். அதிலிருந்து பன்னிரண்டு ஊற்றுகள் பீறிட்டன. ஒவ்வொரு கூட்டத்தாரும் தங்கள் தங்கள் நீர்த்துறையை அறிந்துகொண்டார்கள். இது வரை நமக்குத் தெரிந்த வரலாறு. ஆனால் அந்த வசனம் எப்படி முடிகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அல்லாஹ் தந்ததிலிருந்து உண்ணவும் பருகவும் அனுமதித்துவிட்டு, உடனே அதே மூச்சில், பூமியில் குழப்பம் செய்து திரியாதீர்கள் என்று எச்சரித்து முடிகிறது.

தண்ணீரைக் கொடுத்த இடத்திலேயே "ஃபஸாது" பற்றிய எச்சரிக்கையும் ஏன் வந்தது? தண்ணீர் கிடைப்பது ஒரு நிஃமத். அதைக் கெடுக்காமல் அடுத்தவருக்கு விட்டுவைப்பது ஒரு அமானிதம். முதலாவதைப் பெற்றவர் இரண்டாவதிலிருந்து தப்ப முடியாது. இந்த வாரம் நாம் பேச இருப்பது அந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

நம் நீர்த்துறை எது?

பன்னிரண்டு கூட்டத்தாரும் தங்கள் நீர்த்துறையை அறிந்திருந்தார்கள். நமக்கு நம் நீர்த்துறை தெரியுமா? வீட்டுக் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "தொட்டியிலிருந்து" என்பார்கள். தொட்டிக்கு எங்கிருந்து வருகிறது?

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாகச் சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது தாமிரபரணி. இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றில் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். தூத்துக்குடி மாநகரம் வல்லநாடு பகுதியிலிருந்து இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் குழாய் வழியே கொண்டுபோய்க் குடிக்கிறது. நம் வட்டாரத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் இந்த ஆற்றை நம்பியே இருக்கின்றன.

நாசரேத், ஆழ்வார்திருநகரி, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று நாம் வாழும் ஊர்கள் எல்லாம் இந்த ஆற்றின் கடைப் பகுதி. மேலே யார் எதைச் செய்தாலும் அது நம்மைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆற்றை விட்டால் நமக்கு வேறு வழி என்ன? தேரி மணலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போகப் போக, போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். வாகிஆ அத்தியாயத்தில் (56:68-70), நீங்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிச் சிந்தித்தீர்களா என்று கேட்கும் அல்லாஹ், தான் நாடினால் அதை உப்புக் கரிப்பாக ஆக்கியிருக்க முடியும் என்று நினைவூட்டி, பிறகும் ஏன் நன்றி செலுத்தாமல் இருக்கிறீர்கள் என்று கேட்கிறான். மற்ற ஊர்க்காரர்கள் இந்த வசனத்தைப் பொருள் தெரிந்து ஓதுவார்கள். நாமோ உப்புத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்து ஓதுகிறவர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஆறும் குளங்களும் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தன. திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர். ஆனால் குடிப்பதற்கு ஒரு குடம் தண்ணீருக்கு மக்கள் அலைந்தார்கள். தண்ணீர் இருப்பது வேறு, குடிக்கத் தகுந்த தண்ணீர் இருப்பது வேறு என்று அந்த வாரம் நமக்குப் பாடம் நடத்தியது.

கப்பலின் மேல்தளமும் கீழ்த்தளமும்

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஒரு கப்பலில் சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் கிடைத்தன. கீழே இருந்தவர்கள் தண்ணீர் எடுக்க மேல்தளத்தாரைக் கடந்து போக வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தொல்லை கொடுக்க வேண்டாமே, நம் பங்கில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டால் என்ன என்று நினைத்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லாரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் உவமை சொன்னார்கள்.

ஓட்டை போட நினைத்தவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை என்பதைக் கவனியுங்கள். யாரையும் கொல்ல அவர்கள் நினைக்கவில்லை. தங்கள் வசதியைத்தான் பார்த்தார்கள். "என் பங்கில்தானே செய்கிறேன்" என்றார்கள். இன்று ஆற்றைக் கெடுக்கிறவர்களும் பெரும்பாலும் இப்படித்தான். "என் வீட்டுக் கழிவுநீர், என் வாசலில் இருக்கும் ஓடையில் விடுகிறேன்." அந்த ஓடை வாய்க்காலில் சேர்கிறது. வாய்க்கால் ஆற்றில் சேர்கிறது. ஆறு இன்னொருவரின் குடத்தில் சேர்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இன்று வசதியுள்ளவர்கள் வீட்டில் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக்கொண்டோம். அல்லது கேன் தண்ணீர் வாங்குகிறோம். ஆறு எப்படிப் போனால் நமக்கென்ன என்ற எண்ணம் மெதுவாக வந்துவிட்டது. ஆனால் நம் தெருவிலேயே தினம் ஒரு கேன் வாங்க முடியாத வீடு எத்தனை? அந்த வீட்டுக் குழந்தை குழாயில் வருவதைத்தான் குடிக்கிறது. தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வந்திருக்கிறது. கூட்டாளி என்றால், தான் வேறு தண்ணீருக்கு மாறிவிட்டேன் என்பதற்காகப் பொதுச் சொத்து கெடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அனுமதி இல்லை.

ஆறு எந்த நிலையில் இருக்கிறது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018ல் இந்தியா முழுவதும் மாசடைந்த ஆற்றுப் பகுதிகள் என்று 351 இடங்களைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஆறு ஆற்றுப் பகுதிகள் அதில் வந்தன: காவிரி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி, பவானி, தாமிரபரணி. தாமிரபரணியில் எந்தப் பகுதி தெரியுமா? பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரை. அதாவது ஆற்றின் பெரும் நீளம், நம் வாசல் வரை.

நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் ஐந்து படிநிலைகள் உண்டு. சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி ஆகியவை மிக மோசமான முதல் படியில் இருந்தன. தாமிரபரணி ஐந்தாவது படியில், அதாவது மாசு ஒப்பீட்டளவில் குறைவாக உள்ள படியில் இருந்தது. எனவே "ஆறு செத்துவிட்டது" என்று பதற வேண்டியதில்லை. நோய் ஆரம்ப நிலையில் பிடிபட்டிருக்கிறது. ஆரம்ப நிலையில் மருத்துவரிடம் போகாதவரை நாம் என்ன சொல்வோம்?

அந்தப் படிநிலையை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? தண்ணீரில் கழிவு கலந்தால் அதைத் தின்று செரிக்க நுண்ணுயிர்கள் பெருகும். அவை தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். கழிவு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு ஆக்ஸிஜன் தேவை. இந்தத் தேவையை அளந்தால் கழிவின் அளவு தெரியும். இதை பி.ஓ.டி. என்கிறார்கள். குளிக்கத் தகுந்த ஆற்றில் இது ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 3 முதல் 6 வரை இருந்தால் ஐந்தாம் படி. 30ஐத் தாண்டினால் முதல் படி.

இன்னொரு அளவு கோலிஃபார்ம் கிருமிகள். மனிதர்கள், கால்நடைகளின் குடலில் வாழும் கிருமிகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ஈ.கோலை என்ற வகை தண்ணீரில் தென்பட்டால் மலக்கழிவு கலந்திருக்கிறது என்று பொருள். நீதிமன்றத்தில் சாட்சி நிற்பதைப் போல, கண்ணுக்குத் தெரியாத குற்றத்திற்கு அந்தக் கிருமி சாட்சி. கிருமிநாசினி மட்டும் கலந்து குடிக்கத் தகுந்த ஆற்று நீரில் 100 மில்லி லிட்டருக்கு மொத்தக் கோலிஃபார்ம் 50க்கு மேல் இருக்கக் கூடாது. வடிகட்டிச் சுத்திகரித்துக் குடிக்கும் ஆற்று நீரில் 5,000 வரை அனுமதி. ஆனால் நம் வீட்டுக் குழாயில் வரும் குடிநீரில் 100 மில்லி லிட்டருக்கு ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதுதான் இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம். ஆறு எவ்வளவு கெடுகிறதோ, குழாய் வரை அதைச் சுத்தம் செய்யும் சுமையும் செலவும் அவ்வளவு கூடும். நடுவில் ஒரு நாள் குளோரின் போடத் தவறினாலும் அந்த ஆபத்து நேரே நம் குவளைக்கு வரும்.

உளூ செய்யலாம் என்றால் குடிக்கலாமா?

இங்கே சிலர் ஒரு சந்தேகம் கேட்பார்கள். "ஹஜ்ரத், மதீனாவில் புளாஆ என்ற கிணறு இருந்தது. அதில் அசுத்தங்கள் எல்லாம் விழும். அதைப் பற்றிக் கேட்டபோது, தண்ணீர் தூய்மையானது, எதுவும் அதை அசுத்தமாக்காது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்களே?" நல்ல கேள்வி. அபூதாவூத், திர்மிதி இரண்டிலும் வரும் ஹதீஸ் இது.

முதலாவது, அங்கே கேட்கப்பட்டது உளூவைப் பற்றி, அதாவது தஹாரத் பற்றி. அதிகமான தண்ணீர் நிறம், சுவை, வாடை மாறாதவரை நஜிஸ் ஆகாது என்பதே அதிலிருந்து இமாம்கள் எடுத்த சட்டம். நம் ஷாஃபிஈ மத்ஹபில் அதிகம் என்பதற்கு இரண்டு குல்லத் என்ற அளவு உண்டு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லிட்டர். அந்த அளவு இருந்தும் நஜிஸால் மூன்றில் ஒன்று மாறிவிட்டால், அதைக் கொண்டு உளூவும் கூடாது.

இரண்டாவது, கிணற்றில் குப்பை போடலாம் என்று அந்த ஹதீஸ் சொல்லவில்லை. சாபத்தைக் கொண்டுவரும் மூன்று காரியங்களை அஞ்சுமாறு நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நீர்த்துறைகளிலும், நடைபாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பதே அவை. இதுவும் அபூதாவூதிலேயே இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

மூன்றாவதுதான் மிக அழகானது. இந்த ஹதீஸைப் பதிவு செய்த இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்கள் அதோடு நிற்கவில்லை. மதீனாவுக்குச் சென்று, அந்தக் கிணற்றின் மேல் தம் மேலாடையை விரித்து, அதை அளந்து பார்த்தார்கள். அகலம் ஆறு முழம். தோட்டத்துக் கதவைத் திறந்துவிட்டவரிடம், கிணற்றின் கட்டுமானம் பழைய நிலையிலிருந்து மாற்றப்பட்டதா என்று விசாரித்தார்கள். இல்லை என்றார். தண்ணீரின் நிறம் மாறியிருப்பதைத் தம் கண்ணால் பார்த்ததையும் எழுதி வைத்தார்கள். நேரில் போவது, அளப்பது, விசாரிப்பது, கண்டதை அப்படியே எழுதுவது! நீரின் தரத்தைக் கண்காணிப்பது என்று இன்று சொல்கிறோமே, அதன் ஒழுங்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம்களின் கையில் இருந்தது.

ஆகவே இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தஹாரத் என்பது வணக்கத்திற்கான தகுதி. குடிக்கலாமா என்பது உடலுக்குத் தீங்கு உண்டா என்ற கேள்வி. ஷரீஅத் இரண்டையும் தனித்தனியே பார்க்கிறது. வெப்ப நாடுகளில் உலோகப் பாத்திரத்தில் வெயிலில் சூடேறிய தண்ணீர் தூய்மையானதுதான். ஆனாலும் உடலுக்குத் தீங்கு வரலாம் என்பதால் அதை உடலில் பயன்படுத்துவது மக்ரூஹ் என்று நம் ஷாஃபிஈ கிதாபுகளில் தண்ணீர்ப் பாடத்தின் தொடக்கத்திலேயே படிக்கிறோம். தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்ற நிலையில் உள்ளவருக்குத் தயம்மும் அனுமதி. தூய்மையான தண்ணீரும் தீங்கு செய்யலாம் என்பது ஃபிக்ஹுக்குப் புதிதல்ல. கிருமி கலந்த தண்ணீர் நிறமும் சுவையும் வாடையும் மாறாமல் பளிச்சென்று இருக்கலாம். உளூவுக்கு அது போதும். குடிக்க அது போதாது. அதற்குப் பரிசோதனைதான் சாட்சி.

நல்ல தண்ணீரைத் தேடுவது தவக்குலுக்கு எதிரானதும் அல்ல. நபி (ஸல்) அவர்களுக்காக புயூத்துஸ் ஸுக்யா என்ற இடத்திலிருந்து நன்னீர் கொண்டுவரப்பட்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மதீனாவிலிருந்து இரண்டு நாள் பயண தூரம் என்று அபூதாவூதில் அதற்கு விளக்கமும் வருகிறது.

ஒரே ஆறு, இரண்டு குழாய்கள்

உலக வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்வைப் பாருங்கள். 1854ல் லண்டனில் காலரா. தென் லண்டனில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. இரண்டுக்கும் தேம்ஸ் ஆற்றுத் தண்ணீர்தான். லாம்பெத் கம்பெனி 1852ல் தன் நீரேற்றும் இடத்தை நகரத்துச் சாக்கடை கலப்பதற்கு மேலே மாற்றியிருந்தது. சவுத்வார்க் - வாக்ஸ்ஹால் கம்பெனி சாக்கடை கலந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தது.

ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாக ஏறி இறங்கி, எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்று எழுதினார். முதல் ஏழு வாரங்களில் சாக்கடை கலந்த தண்ணீர் குடித்த வீடுகளில் 10,000க்கு 315 மரணங்கள். மேலே எடுத்த தண்ணீர் குடித்த வீடுகளில் 10,000க்கு 37. தெரு ஒன்று, காற்று ஒன்று, ஆறும் ஒன்று. வேறுபட்டது சாக்கடைக்கு மேலா கீழா என்பது மட்டும்தான். அன்றைக்குக் காலராக் கிருமி என்றால் என்னவென்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கவில்லை. கணக்கு எடுத்தவர் கண்டுபிடித்தார்.

இப்போது நம் ஊர்களை நினையுங்கள். திருநெல்வேலி மாநகரத்திற்குக் கீழே இருக்கிறோம். அந்த நகரத்தின் கழிவுநீர் ஆற்றில் கலப்பது பற்றிய வழக்கில், 2024ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரை அமர்வின் நீதிபதிகள் இருவர் நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டார்கள். அபூதாவூத் இமாம் கிணற்றை நேரில் பார்த்ததை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தைப் பார்த்து அறிவது வேறு, கரையில் நின்று அறிவது வேறு.

முஹ்தஸிபின் வேலை இன்று யாருடையது?

முஸ்லிம் நகரங்களில் "ஹிஸ்பா" என்றொரு துறை இருந்தது. அதன் அதிகாரி முஹ்தஸிப். எடைக்கல்லைச் சோதிப்பது போலவே தண்ணீரையும் கவனிப்பது அவர் கடமை. ஹிஜ்ரி 729ல் வஃபாத்தான இப்னுல் உகுவ்வா (ரஹ்) அவர்கள் இத்துறைக்காக எழுதிய கிதாபில் தண்ணீர் சுமப்பவர்களுக்கான ஒழுங்குகளும் உண்டு. கரையோர அசுத்தத்தை விட்டு விலகி ஆற்றின் உள்ளே சென்று மொள்ள வேண்டும். கழிவு விழும் இடங்களுக்கு அருகே மொள்ளக் கூடாது. இவையெல்லாம் சட்டமாகவே இருந்தன.

இன்று நம் நாட்டில் அந்த வேலைக்கு அமைப்புகள் இருக்கின்றன. 1974ல் நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 24வது பிரிவு, மாசுப் பொருளை அறிந்தே நீரோடையில் விடுவதைத் தடை செய்கிறது. 1982 முதல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இயங்குகிறது. ஆற்றின் பல இடங்களில் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கிறது. 1971ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திற்கு ஆய்வகங்கள் இருக்கின்றன. கிராமங்களில் கையடக்கப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பெண்களுக்குப் பயிற்சி தருவதும் 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் ஒரு பகுதி.

அமைப்புகள் இருந்தாலும் மக்கள் கண் திறந்திருக்காவிட்டால் பயனில்லை. இந்த ஆற்றின் கரையில் அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ். ஆற்று மணல் திருட்டைப் பற்றிப் போலீசில் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25ஆம் தேதி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றவாளிகள் இருவருக்கு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

மணலுக்கும் குடிநீருக்கும் என்ன தொடர்பு? ஆற்று மணல்தான் அல்லாஹ் அமைத்த வடிகட்டி. ஆற்றுப் படுகையில் உறைகிணறு போட்டு எடுக்கும் தண்ணீர் மணல் வழியே வடிந்துதான் வருகிறது. மணல் போனால் வடிகட்டி போகும். ஆறு பள்ளமானால் முகத்துவாரத்தில் கடல்நீர் உள்ளே ஏறும். அந்தச் சகோதரர் காத்தது வெறும் மணலை அல்ல, நம் குடத்துத் தண்ணீரை. அவர் நம் பள்ளிவாசலுக்கு வந்து தொழுதவர் அல்ல. ஆனால் அவர் காத்த தண்ணீரில் நாமும் உளூ செய்கிறோம். நம் வட்டாரத்தில் தேவாலயமும் கோவிலும் பள்ளிவாசலும் ஒரே ஆற்றை நம்பித்தான் இருக்கின்றன. நன்மையைப் பாராட்ட ஒரு முஃமின் தயங்கக் கூடாது.

"இரவில் வண்டியில் கழிவைக் கொண்டுவந்து வாய்க்காலில் கொட்டுவதைப் பார்த்தேன், சொன்னால் கோள் ஆகாதா?" என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். கோள் என்பது இருவருக்கு இடையே பகை மூட்டுவது. பொதுமக்களுக்கு வரும் தீங்கைத் தடுக்க உரியவரிடம் அறிவிப்பது தீமையைத் தடுக்கும் கடமையில் சேரும். தனியாகப் போய்ச் சண்டை போட வேண்டாம். ஜமாஅத்தாக, எழுத்து மூலம், பேரூராட்சியிடமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ அறிவிக்கலாம். பல பேர் கையெழுத்திட்டால் ஒருவர் மட்டும் பகைக்கு ஆளாக மாட்டார்.

நம் பக்கத்தைப் பார்ப்போம்

அடுத்தவர் குறையை எண்ணுவதற்கு முன் நம் வாசலைப் பார்க்க வேண்டும்.

குர்பானி: ஹஜ்ஜுப் பெருநாளில் அல்லாஹ்வுக்காக அறுக்கிறோம். ஆனால் குடலையும் கழிவையும் சாக்கில் கட்டி ஓடையில் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். இபாதத்தின் மிச்சம் இன்னொருவரின் தண்ணீரில் மிதக்கலாமா? ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பதை இப்போதே ஜமாஅத் ஏற்பாடு செய்துவிட்டால் அந்த நேரத்தில் அவசரம் இருக்காது. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளியே குழி இருக்க வேண்டும்.

கழிவுத் தொட்டி: வீட்டுக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய வண்டி கூப்பிடுகிறோம். பணம் கொடுத்தவுடன் நம் பொறுப்பு முடிந்ததாக நினைக்கிறோம். அந்த வண்டி எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்பதும் நம் பொறுப்பு. உரிமம் உள்ள வண்டியா, கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டு போகிறதா என்று கேளுங்கள். குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டு இருட்டில் வாய்க்காலில் கொட்டினால், அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு.

உளூ: நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவில் உளூ செய்தார்கள். ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரை குளித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உண்டு. ஒரு முத்து என்பது நம் ஷாஃபிஈ கணக்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவு. நாம் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே எத்தனை முத்து விடுகிறோம்?

இந்த வாரமே செய்யக் கூடியவை

1. உங்கள் தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். மருந்துச் சொட்டு விட்டு நிறத்தைப் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தும் கடைசிக் குழாயில் இல்லை என்றால் நடுவில் குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கலாம்.

2. வருடத்திற்கு இரண்டு முறையாவது, குறிப்பாக மழைக்காலம் முடிந்தவுடன், பள்ளிவாசல், மதரஸா தண்ணீரை ஆய்வகத்தில் பரிசோதியுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்தமான பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். வீட்டுப் பாட்டிலில் எடுத்தால் முடிவு தவறாகும். அறிக்கையைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். எல்லாச் சமயத்தாரும் படிக்கட்டும்.

3. வீட்டு மாடித் தொட்டிக்கும் பள்ளிவாசல் ஹவ்ளுக்கும் மூடி இருக்கிறதா, கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். பாத்திரங்களை மூடவும் தோல்பையின் வாயைக் கட்டவும் நபி (ஸல்) அவர்கள் ஏவிய ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி வையுங்கள்.

4. வெள்ளத்திற்குப் பிறகோ, குழாய் உடைந்த பிறகோ, கலங்கலாக வந்தாலோ தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்துக் குடியுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் ரசாயனமும் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. ஜமாஅத்தில் இரண்டு இளைஞர்களுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். மாதம் ஒருமுறை நம் பகுதி வாய்க்காலையும் ஆற்றங்கரையையும் போய்ப் பார்த்து, நிறம், வாடை, கழிவு விழும் இடம் ஆகியவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு வருடத்து நோட்டு கையில் இருந்தால், அதிகாரியிடம் போகும்போது நம் பேச்சுக்கு எடை இருக்கும்.

அன்பான சகோதரர்களே, சகோதரிகளே!

தம் தாய்க்காக எந்த தர்மம் சிறந்தது என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது தண்ணீர் என்று பதில் கிடைத்தது. அவர்கள் கிணறு தோண்டினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கினார்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது. ஒரு நாய்க்குக் கொடுத்த தண்ணீருக்கே இந்தக் கூலி என்றால், இரண்டு மாவட்டத்து மக்கள் குடிக்கும் தண்ணீரைக் கெடாமல் காத்தால் என்ன கூலி கிடைக்கும்! அதைக் கெடுத்தால் என்ன கேள்வி இருக்கும்!

மறுமையில் நிஃமத்துகளைப் பற்றி முதலில் கேட்கப்படும் கேள்விகளில், உன் உடலுக்கு ஆரோக்கியம் தரவில்லையா, குளிர்ந்த நீரால் உன் தாகம் தீர்க்கவில்லையா என்பது இருக்கும் என்ற கருத்தில் திர்மிதியில் ஹதீஸ் வருகிறது. ஆரோக்கியமும் தண்ணீரும் அங்கே ஒரே கேள்வியில் சேர்ந்து வருகின்றன. இங்கே நாம் அவற்றைப் பிரித்துவிட வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் ஆறுகளையும் குளங்களையும் நிரப்பி, அவற்றின் தூய்மையைக் காக்கும் எண்ணத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் கைகளால் எவருடைய தண்ணீரும் கெடாமல் காப்பாயாக! உன் அடியார்களின் தாகம் தீர்ப்பவர்களாக எங்களையும் எங்கள் சந்ததிகளையும் ஆக்குவாயாக! மறுமையில் நபி (ஸல்) அவர்களின் கரத்தால் கவ்ஸர் நீர் அருந்தும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!